ஜெராக்ஸ் அக்காவும் கம்பளித் தொப்பியும்

"அப்பா கொஞ்சம் வெளியவே நில்லுங்க. பாப்பா மட்டும் உள்ள வா."

இதைச் சொல்லும்போது ஜெராக்ஸ் அக்கா நம் முகத்தைப் பார்ப்பதுகூட இல்லை. கை தன் பாட்டுக்குத் தாள் அடுக்கிக்கொண்டிருக்கும். பிள்ளை கவுண்டருக்கு அடியில் குனிந்து உள்ளே போய்விடும். நாம் வெயிலில். பள்ளிக்கூடத்தின் அறிவியல் கண்காட்சிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே எதிர்வரிசையில் இருக்கும் அக்காவின் ஜெராக்ஸ் கடையில் இந்தக் கூத்து ஆரம்பித்துவிடும். அலுவலகத்தில் இருபது பேரை அதட்டி வேலை வாங்குகிற அம்மாக்களும் அப்பாக்களும் அந்த வாசலில் வாயை மூடிக்கொண்டு வரிசையாக நிற்பதைப் பார்க்க ஒரு தனி சந்தோஷம். நானும் அந்த வரிசையில்தான் நின்றேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கோணலாக விழுந்து வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாள்களை அக்கா பாதியாகக் கிழித்து ஒரு கிளிப்பில் மாட்டி வைத்திருப்பார். அதன் வெள்ளைப் பக்கத்தில் பிள்ளை தன் கையால் ஒரே ஒரு கேள்வி எழுத வேண்டும். 'சூரியக் குடும்பம்' என்று எழுதினால் அடுத்த நொடியே திரும்பி வரும். "இது கேள்வி இல்ல கண்ணு, தலைப்பு. இது உங்க அம்மா சொல்லிக் குடுத்தது. நீ நேத்து எதைப் பாத்து 'ஏன் இப்படி இருக்கு'ன்னு யோசிச்ச, அதைச் சொல்லு." பிள்ளை திருதிருவென்று விழிக்கும். அக்கா காத்திருப்பார். மெல்ல ஒரு வார்த்தை வரும். அப்புறம் வாய் மூடாது.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், நிலாவுக்கு ராக்கெட் விடப்போவதாகச் சொல்லிக்கொண்டு வந்தான். "விடலாம், விடலாம். நிலா எங்கயும் ஓடிப் போயிடாது. முதல்ல அது இந்தக் கடைக் கூரையைத் தாண்டுமா?" என்றார் அக்கா. அரை மணி நேரம் இருவரும் பேரம் பேசினார்கள். கடைசியில் அவன் எழுதிக்கொண்டு போன கேள்வி இது: 'பலூனில் காற்றை அதிகமாக ஊதினால் அது இழுத்துக் கட்டிய நூலில் அதிக தூரம் ஓடுமா?' நிலாவிலிருந்து நூலுக்கு இறங்கியதில் அவனுக்குக் கொஞ்சமும் வருத்தம் இல்லை. பலூன் வாங்க ஒரே ஓட்டம்.

கேள்வி கிடைத்ததும் அக்கா விரலை மடக்குவார். விரல் நுனியெல்லாம் இயந்திரத்து மசி, எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறுப்பு. "எதை மாத்தப் போற? எதையெல்லாம் மாத்தாம வெக்கப் போற? எதை அளக்கப் போற?" மூன்றுக்கும் பதில் வந்த பிறகு, "இப்ப சொல்லு, என்ன ஆகும்னு நினைக்கிற?" அந்த யூகத்தை மட்டும் பேனாவால் எழுதச் சொல்வார். "பென்சில்ல எழுதினா அப்புறம் அழிக்கத் தோணும். நமக்கெல்லாம் அந்தப் புத்தி உண்டு." இத்தனைக்கும் அக்கா பள்ளிப் படிப்போடு நின்றவர். கொண்டையில் ஒரு பென்சில் எப்போதும் செருகியிருக்கும். அதைக் கடை முழுக்கத் தேடிக்கொண்டிருப்பார். பெரியவர்கள் விஞ்ஞானம் பேசினால் "அப்படியா!" என்பார். அது கிண்டலா வியப்பா என்று யாருக்கும் தெரியாது. எல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டுதான் ஒன்றும் தெரியாத மாதிரி நடிக்கிறார் என்பது எங்கள் வரிசையின் ஒருமனதான முடிவு.

என் மகள் நாலாம் வகுப்பு. போன வருடம் அவளுக்காக நான் ஒரு எரிமலை செய்தேன். 'அவளுக்காக' என்ன, நான்தான் செய்தேன், அவளைத் தொடவிடவே இல்லை. அற்புதமாகப் பொங்கியது. நடுவர் வந்து, "இது ஏன்மா பொங்குது?" என்று கேட்டார். "அப்பாவுக்குத்தான் தெரியும்" என்றாள். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அவள் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு ஒரு வருடமாக வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், வாய் மட்டும் திறக்காது. இந்த வருடம் கண்காட்சி என்றதும் அன்றைக்குக் காய்ச்சல் வரும் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டாள். "இந்த முறையாவது நீங்க கையைக் காலை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. அவளை அந்த அக்காகிட்ட விடுங்க" என்று என் மனைவி உத்தரவு போட்டாள்.

அக்காவின் கடையிலிருந்து மகள் வெளியே வந்தபோது பாதிக் காகிதத்தில் இருந்த கேள்வி: 'ஐஸுக்குக் கம்பளித் தொப்பி போட்டால் சீக்கிரம் உருகுமா?' கீழே பேனாவில்: 'ஆமாம். எனக்குப் போட்டால் வேர்க்கிறது.'

ஒரே மாதிரி இரண்டு கிண்ணம், ஒரே அளவு ஐஸ், ஒன்றுக்கு மட்டும் தொப்பி. மூன்று நாள், மூன்று தடவை. சமையலறைக்குள் நான் நுழையத் தடை. கதவுக்கு வெளியிலிருந்து அவள் குரல் கேட்கும், அம்மாவை அதட்டிக்கொண்டிருப்பாள்: "மணி பாரும்மா! சரியா சொல்லு!" ஒரு வருடம் கழித்துக் கேட்ட அதட்டல். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன்.

கண்காட்சிக்கு முதல் நாள் மாலை அவள் பென்சிலில் எழுதிய அட்டவணை மேஜையில் கிடந்தது. தொப்பி போடாத ஐஸ் ஐம்பது நிமிடத்தில் உருகியிருக்கிறது. தொப்பி போட்டது உருக ஒன்றே முக்கால் மணி நேரம். மூன்று நாளும் கிட்டத்தட்ட அதே கணக்கு. நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். இருபது வருடமாக அதுதான் சோறு போடுகிறது. பார்த்தவுடன் புரிந்துவிட்டது: குழந்தை தலைப்புகளை இடம் மாற்றி எழுதிவிட்டாள்! சட்டென்று மாற்றிப்போட்டு, அழகாகத் தட்டச்சு செய்து, பெரிதாக ஒரு பிரதி எடுக்கலாமென்று அவளையும் அழைத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். வழியெல்லாம் அவள் வாய் திறக்கவில்லை. நானோ பெருமையில் கவனிக்கவில்லை.

அக்கா என் தாளைப் பார்த்தார். மகள் மடித்து வைத்திருந்த பென்சில் தாளை வாங்கிப் பார்த்தார். இயந்திரத்தை நிறுத்தினார்.

"இது ஏன் மாறியிருக்கு?"

"தலைப்பு மாறிப்போச்சு, திருத்திட்டேன். கம்பளி போர்த்தினா சூடு. சூடு பட்டா ஐஸ் உருகும். இதுக்கு என்ன பெரிய ஆராய்ச்சி?"

"எனக்கும் அப்படித்தாங்க தோணுது" என்றார் அக்கா. "ஆனா பாப்பா மூணு தடவை பாத்திருக்கா. நீங்களும் நானும் ஒரு தடவைகூடப் பாக்கலியே."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அக்கா மகள் பக்கம் குனிந்தார். "நீ சொல்லு கண்ணு. மாத்தி எழுதிட்டியா?"

அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இல்ல. ஆனா அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் நாளைக்கு வரல."

"அப்பா அப்புறம். உன் கண்ணு என்ன பாத்துச்சு?"

"தொப்பி ஐஸ் உருகவே மாட்டேங்குது அக்கா." சொல்லும்போதே அவள் குரல் ஏறியது. "மூணு நாளும்! நான் அதைத் திட்டினேன்கூட. அம்மாவுக்குப் பசி வந்துடுச்சு, அது அப்படியே உக்காந்திருக்கு!"

"அப்ப எதை மாத்தணும்? நம்பரையா, நாம நினைச்சதையா?"

அவள் யோசித்தாள். என் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை அவளே உருவிக்கொண்டாள். நான் தட்டச்சு செய்த அட்டவணையின் குறுக்கே, மூலையிலிருந்து மூலைக்கு, அழுத்தமாக ஒரு கோடு. "அப்பா, இது தப்பு" என்றாள். என் இருபது வருடத் தொழிலில் இவ்வளவு சுத்தமான திருத்தத்தை நான் பார்த்ததில்லை. அக்கா அந்தப் பென்சில் தாளையே விரல் அழுக்கோடு பெரிதாக்கிக் கொடுத்தார்.

மறுநாள் காய்ச்சல் வரவில்லை. பள்ளிக்கூட அரங்கில் அவள் மேஜைக்கு மேல் ஒட்டியிருந்தது: 'நான் நினைச்சது தப்பு. அப்பா நினைச்சதும் தப்பு.' மேஜையில் இரண்டு கிண்ணம், தொப்பி, சுவர்க்கடிகாரம். வந்தவர்களெல்லாம் என்னைத் தேடிப் பிடித்துச் சிரித்தார்கள். நடுவராக வந்த ஆசிரியை கேட்டார்: "ஏன்மா இப்படி ஆச்சு?"

போன வருடம் எரிமலை முன்னால் கேட்ட அதே கேள்வி.

"முழுசா தெரியாது டீச்சர்" என்றாள் நிமிர்ந்து. "தொப்பி சூடு குடுக்காது போல. சூட்டை இந்தப் பக்கமும் விடாது, அந்தப் பக்கமும் விடாது. எனக்குப் போட்டா என் சூடு வெளிய போக முடியாம வேர்க்குது. ஐஸுக்குப் போட்டா வெளிச் சூடு உள்ள வர முடியல. இது சரியான்னு அடுத்து வேற துணியில பாக்கப் போறேன்." ஆசிரியை குறித்துக்கொண்டார். நான் தூணுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்தினேன்.

திரும்பி வந்தபோது மேஜை முன்னால் ஜெராக்ஸ் அக்கா நின்றிருந்தார். கண்காட்சி நாளில் கடையில் கூட்டம் நெரியும். இத்தனை வருடத்தில் அவர் ஒரு முறையும் உள்ளே வந்ததில்லையாம். கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறார். தொப்பி இல்லாத கிண்ணத்தில் வெறும் தண்ணீர். சுற்றுமுற்றும் பார்த்தார். மெதுவாகத் தொப்பியின் ஓரத்தைத் தூக்கி, உள்ளே இருந்த ஐஸை ஒரு விரலால் தொட்டார்.

"அய்யோ இருக்கே!" என்று கத்தினார். "உண்மையாவே இருக்கே!"

"அக்கா, மூடுங்க! இன்னும் இருபது நிமிஷம் இருக்கு!" என்று மகள் அதட்டினாள்.

அக்கா படக்கென்று தொப்பியைப் போட்டுவிட்டு, ஈர விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மேஜை முன்னால் நின்ற பிள்ளைகளின் வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்று கடிகாரத்தை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்.