சுடாதீங்க என்று சொல்லும் உத்தியோகம்

துப்பாக்கி சுடச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் முக்கால்வாசி, சுடாதீங்க என்று சொல்வதுதான். மீதிக் கால்வாசி, சுட்டது போதும் என்று சொல்வது.

பெங்களூர் தொம்மலூரில் ஒரு ரைஃபிள் கிளப்பில் ரேஞ்ச் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்களுடையது ஏர் ரைஃபிள். குண்டு மிளகு அளவுதான் இருக்கும். மிளகுதானே என்று நினைக்கிறவர்கள், அது கண்ணில் பட்டால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு மேலே படிக்கவும். எங்கள் உறுப்பினர்கள் பெரும்பாலும் ஐ.டி.காரர்கள். வாரம் முழுக்க லேப்டாப்பைச் சுட முடியாத ஆத்திரத்தில் சனி, ஞாயிறு எங்களிடம் வருகிறார்கள். ஊரார் பொழுதுபோக்கையே பிழைப்பாகக் கொண்ட சக பாவிகளே! நீச்சல் குளத்தில் விசில் ஊதுகிறவர்களே, மலையேற்றத்தில் கடைசி ஆளோடு நடந்து வருகிறவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

போன ஜனவரியில் சந்தாபுராவுக்கு அந்தப் பக்கம் ஒரு மாந்தோப்பில் இரண்டு நாள் முகாம் போட்டோம். கூடாரத்தில் தூக்கம், வெட்டவெளியில் பயிற்சி. நான் அப்போது ட்ரயலில் இருந்தேன். ஓசூர் ரோட்டு நெரிசலில் வேன் நின்றுகொண்டிருந்தபோது கிளப் தலைவர் ராமநாதன் சார் முன் சீட்டிலிருந்து திரும்பிச் சொன்னார்: "பிரேமா, இந்த ரெண்டு நாள் ஒரு கம்ப்ளெய்ன்ட் இல்லாம முடிஞ்சா, திங்கக்கிழமை கமிட்டில உன்னைப் பர்மனென்ட் பண்ணச் சொல்லிடறேன்." பர்மனென்ட் ஆகாவிட்டால் நான் ஜோலார்பேட்டைக்குத் திரும்பி அண்ணனின் ஜெராக்ஸ் கடையில் உட்கார வேண்டும் என்பது வீட்டில் ஏற்கெனவே முடிவான விஷயம். கடையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அண்ணனைப் பற்றித்தான்.

பச்சை மனிதர்

சனிக்கிழமை காலை தலை எண்ணிப் பார்த்தால் ஓர் ஆள் குறைந்தது. பிரதீப்பைக் காணோம். பிரதீப் ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர். முகாமுக்கென்றே தலை முதல் கால் வரை இலை போட்ட பச்சை உடுப்பு வாங்கி, முகத்தில் கரியும் பூசிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் பயிற்சியில் ஒளிந்துகொள்வது என்று ஒரு பாடமே கிடையாது. நாங்கள் சுடுவது காகிதத்தை. காகிதம் நம்மைத் தேடி வருவதில்லை. இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

தோப்பைச் சுற்றிக் கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. முதல் நாளே, முதல் மணி நேரத்திலேயே ஆளைத் தொலைத்தவள் என்று பெயர் வாங்கப் போகிறேனே என்று தோப்பை இன்னொரு சுற்று சுற்றினேன். தோப்பைப் பார்த்துக்கொள்ளும் முனியம்மா அக்கா பக்கத்து நிலத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் சாவகாசமாகச் சொன்னார்:

"அறுத்த ராகி கொல்லையில பச்சையா ஒருத்தர் படுத்துக்கினு இருக்காரே, அவரா? உங்க பெட்ஷீட்டு காத்துல பறந்து வந்துட்ச்சின்னு நான் மடிச்சி எடுத்தாரப் போனேம்மா. அது என்னைப் பார்த்து 'ஹாய்'ன்னுது."

மஞ்சள் கயிறு

எங்கள் தொழிலில் கடவுளுக்கு அடுத்தபடி ஒரு நைலான் கயிறு. பளிச்சென்ற மஞ்சள் நிறம். சுட்டு முடித்ததும் அதைத் துப்பாக்கிக் குழாயின் ஒரு முனையில் விட்டு மறு முனையில் வெளியே இழுக்க வேண்டும். இரண்டு பக்கமும் கயிறு தெரிந்தால் உள்ளே குண்டு இல்லை என்று அர்த்தம். கயிறு போடாத துப்பாக்கி சுடும் கோட்டை விட்டு நகரக் கூடாது. இதை நான் தூக்கத்தில்கூடச் சொல்லுவேன். சொல்லியிருப்பதாக என் ரூம்மேட் புகார் செய்திருக்கிறாள்.

காலைப் பயிற்சி முடிந்து எல்லோரும் குளித்துவிட்டு வந்தார்கள். துப்பாக்கிகளை வைத்திருந்த மேஜையைப் பார்த்தேன். ஒன்றில்கூடக் கயிறு இல்லை. தேடிப் போனால், இரண்டு மாமரங்களுக்கு நடுவே மஞ்சள் கயிறெல்லாம் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு நீளமாகக் கட்டியிருந்தது. அதில் வரிசையாகத் துண்டுகள், பனியன்கள், வெளியில் சொல்ல முடியாத இன்னும் சில. கட்டியவன் கார்த்திக். பிரதீப்பின் டீமில் வேலை பார்க்கும் பையன், திருவண்ணாமலைக்காரன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனே ஆறுதல் சொன்னான்:

"டென்ஷனே ஆகாதீங்க மேடம். துப்பாக்கி எல்லாம் காலி. கயிறுதான் ஃபுல்."

கொடி இறங்கவில்லை

பயிற்சி நடக்கும்போது சிவப்புக் கொடி கம்பத்தில் பறக்கும். கொடி மேலே இருக்கும்வரை வெளியாள் யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது. மதிய பிரியாணி கொண்டுவரும் சிராஜ் பாயிடம் இதை முந்தின நாளே போனில் சொல்லி, திருப்பிச் சொல்லவும் வைத்திருந்தேன்.

மதியம் ஆயிற்று. சுடுவதை நிறுத்தினோம். பிரியாணி வரவில்லை. தோப்பு இருந்த பள்ளத்தில் போனில் சிக்னலும் இல்லை. பசி ஏற ஏற, துப்பாக்கி வைத்திருப்பவர்களின் நடுவே நிற்பது எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. "பெங்களூர்ல டைம் சென்ஸே யாருக்கும் கிடையாது" என்று தலைவர் சலித்துக்கொண்டார். கடைசியில் நானே கேட் வரை போனேன். வெளியே வேனின் பின்கதவைத் திறந்துவைத்து, இரண்டு அண்டாவுக்கு நடுவில் உட்கார்ந்து, சிராஜ் பாய் எங்கள் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். கொடி கம்பீரமாகப் பறந்துகொண்டிருந்தது. இறக்கும் பொறுப்பை பிரதீப்பிடம் கொடுத்திருந்தேன். ஏன் இறக்கவில்லை என்று பிறகு கேட்டதற்கு, கொடியை இறக்குவது தோற்றுப்போன மாதிரி இருந்தது என்றார்.

உள்ளே வந்து சொல்லியிருக்கலாமே பாய் என்றேன். சிராஜ் பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்:

"கொடி மேல இருந்தா வராதேன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க? பிரியாணி ஆறிப்போனா சூடு பண்ணிக்கலாம். சிராஜுக்கு ஓட்டை விழுந்தா பஞ்சர் கடையிலயா ஒட்டுவாங்க?"

மேனேஜர் கைவரிசை

பிற்பகலில் ஒரு சின்னப் போட்டி வைத்தோம். ஆளுக்கு ஒரு இலக்கு அட்டை, பக்கத்துப் பக்கத்தில். முடிந்ததும் அட்டைகளைக் கொண்டுவந்து பார்த்தால் கார்த்திக்கின் அட்டையில் நட்டநடுவில் ஓட்டைகள் கொத்தாக விழுந்திருந்தன. பையன் துப்பாக்கியைத் தொட்டதே அன்றோடு மூன்றாவது முறைதான். எல்லோரும் கைதட்டினார்கள். தலைவர் தோளில் தட்டி, "பிறவித் திறமை" என்றார்.

பக்கத்து அட்டை பிரதீப்புடையது. அதில் கொசு கடித்த தழும்புகூட இல்லை. எங்கள் தொழிலில் இது அடிக்கடி நடப்பதுதான். குறி பார்க்கிற மும்முரத்தில் பக்கத்து ஆளின் அட்டையைச் சுட்டுவிடுவார்கள். பிரதீப் அவ்வளவையும் மிக நேர்த்தியாகக் கார்த்திக்கின் அட்டையில் சுட்டிருந்தார். கார்த்திக் சுட்டதெல்லாம் பின்னால் இருந்த மண்மேட்டில் இருந்தது. நான் விதிப்படி இரண்டு பேருக்கும் சைபர் போட்டேன். கார்த்திக் வருத்தப்படுவான் என்று நினைத்தேன். அவன் அட்டையைப் பத்திரமாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்:

"மூணு வருஷமா நான் பண்ற வேலைக்கு அவர் பேர் வாங்குவார் மேடம். அவர் பண்ண வேலைக்கு நான் கைத்தட்டல் வாங்கினது இன்னைக்குத்தான்."

குரங்கு கேஸ்

சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். கன்னடத்தில் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். குரங்குகள் பப்பாளியை விட்டுவைப்பதில்லை. இத்தனை பேர் துப்பாக்கியோடு இருக்கிறீர்கள், சும்மா பயமுறுத்திவிட்டாலாவது போதும். உயிருள்ள எதன் பக்கமும் எங்கள் துப்பாக்கி திரும்பக் கூடாது, அது எங்கள் முதல் விதி என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன். அவர் கூடாரங்களைப் பார்த்தார். பிரதீப்பின் உடுப்பைப் பார்த்தார். காகித அட்டைகளைப் பார்த்தார். முனியம்மா அக்காவிடம் எதையோ சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"பேப்பர்ல ஓட்டை போடணும்னா ஆணி போதாதான்னு கேக்கறாரு."

காலிதான்

ஞாயிறு காலை. கடைசிச் சுற்று. இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் நான் பர்மனென்ட். ராமநாதன் சார் ஓரமாக நின்று சுட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் மெடல் எல்லாம் வாங்கியவர். பின்னால் நின்ற கார்த்திக், "சார், மூச்சை எப்போ பிடிக்கணும்?" என்று கேட்டான். சொல்லிக்கொடுக்கும் ஆர்வத்தில் சார் திரும்பினார். துப்பாக்கியோடு திரும்பினார். கயிறு போடவில்லை. குழாய் அரை வட்டம் சுற்றி, கார்த்திக்கைத் தாண்டி, மாமரத்தடிக்கு நேராக நின்றது. மரத்தடியில் அவர் மனைவி ஜெயந்தி அம்மா முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க!" என்று நான் போட்ட சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். சாரும் குழாயைத் தரையைப் பார்க்கத் தாழ்த்தினார். முகம் சிவந்துவிட்டது. "காலிதான் பிரேமா. சுட்டு முடிச்சுட்டேன்" என்றார். எங்கள் தொழிலில் விபத்து எல்லாமே இந்தச் சொல்லுக்கு அப்புறம்தான் நடக்கிறது. எனக்குப் பயமாக இருந்தது. சும்மா விட்டுவிடு, பெரியவர், அவரே காலி என்கிறார் என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தக் குரல் எங்கள் அண்ணன் குரல் மாதிரியே இருந்ததுதான் என் கோபத்தைக் கிளப்பியது.

"சார், மண்மேட்டுப் பக்கம் திருப்பி ட்ரிக்கரை இழுங்க."

"அவசியமாம்மா?"

"அவசியம் சார்."

இழுத்தார். டப். மண்மேட்டில் புழுதி எழும்பி அடங்கியது. சாரின் முகத்தில் இருந்த சிவப்பு மொத்தமும் வடிந்துவிட்டது. "துப்பாக்கியைப் பெட்டியில வெச்சுடுங்க சார். இந்தக் கேம்ப்ல நீங்க இனிமே சுடக் கூடாது" என்றேன். விதி அதுதான். குரல் எப்படியோ வந்துவிட்டது, கைதான் வெடவெடவென்று ஆடியது. அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

சார் பெட்டியை மூடிவிட்டு, நடந்து போய் மரத்தடியில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். நடந்த எல்லாவற்றையும் ஜெயந்தி அம்மா பார்த்திருந்தார். அவர் கத்தவில்லை, அழவில்லை. முறத்திலிருந்த அவரைக்காயில் பாதியைச் சார் மடியில் தள்ளினார்:

"உரிங்க. இதுலயும் எது காலி, எது இல்லன்னு தொறந்து பார்த்தாதான் தெரியும்."

திங்கட்கிழமை

திரும்பி வரும்போது வேனில் பாட்டுகூடப் போடவில்லை. எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் வருவதற்குள் நான் ஜோலார்பேட்டைக்கு டிக்கெட் எடுத்து, கடையில் உட்கார்ந்து, ஆதார் கார்டுகளை முன்னும் பின்னுமாக நகல் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். தப்புச் செய்துவிட்டோமோ என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. ஆனால் சரியாகச் செய்தோம் என்கிற நிம்மதியும் வரவில்லை. துக்கமாகத்தான் இருந்தது. இந்த வேலை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

திங்கட்கிழமை கமிட்டி முடிந்து சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். "கமிட்டில ஒத்துக்கிட்டாங்க. நீ பர்மனென்ட்" என்றார். நேற்று நடந்ததற்கு அப்புறமும் எப்படி சார் என்று கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நேத்து உன் கை நடுங்கிச்சு, பார்த்தேன். எங்கிட்ட துப்பாக்கி இருந்துச்சுன்னு நீ பயப்படல, எங்கிட்ட உன் வேலை இருக்குன்னு பயந்தே. இன்னைக்குக் கை நடுங்கும், இன்னொரு நாள் வாய் வராமப் போயிடும். அன்னைக்கும் ஜெயந்தி அங்கதான் உக்காந்திருப்பா. அதான், அந்தப் பயமே வேணாம்னு உன் வேலையை என் கையிலருந்து எடுத்துட்டேன்."

போனாலும் பரவாயில்லை என்று துணிகிற அன்றைக்குத்தான் நிலைக்கிற உத்தியோகம் வேறு யாருக்காவது வாய்த்திருந்தால் சொல்லுங்கள், சனி, ஞாயிறு தவிர்த்த ஒரு நாளாகப் பார்த்து நாம் ஒரு சங்கம் ஆரம்பிக்கலாம்.