கன்வேயரை நிறுத்தும் கயிறு

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைக்கு மேலே சங்கிலியில் பொருள்கள் தொங்கியபடி நகரும் கன்வேயருக்கு மோட்டாரும் கியரும் அமைப்பது என் வேலை. அப்பா சுரங்கத்தில் கயிற்றை இழுத்து மணியடித்து, ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜை நிறுத்தச் சொன்னவர். அந்த நினைப்பில், யார் இழுத்தாலும் மோட்டார் நிற்கும்படி லைன் நெடுக ஒரு கயிறு கட்டினேன்.

தொழிற்சாலை முதலாளி அதை அறுக்கச் சொன்னார். "டீ குடிக்கணும்னா கூட இழுத்துடுவாங்கய்யா."

பொருள் மாட்டும் அக்கா கேட்டார்: "கை மாட்டிக்கினா இன்னா சார் பண்றது? உங்களுக்கு போன் போடணுமா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மனுஷர் கையைவிட முதலாளிக்கு டீ நேரம் பெரிது! கூச்சத்தில் வாய் குழறியது. "கயிறு இல்லாம ஓட்டிக் கொடுக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு என் ஊரான மாரிகுப்பத்துக்கு ரயிலேறினேன். முதலாளி இப்போது வேறு ஆளை வைத்துக் கயிறில்லாமலே ஓட்டுகிறாராம்.

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை.