சவுரி வைக்காத மணப்பெண்

அல்லாஹ்வைப் புகழ்ந்து தொடங்குகிறேன். அந்த வருடத்தில் மனிதர்களைப் புகழ எனக்குக் காரணம் அதிகம் கிடைக்கவில்லை.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். யாழ்ப்பாணப் பட்டணத்தில் அரிசிக்கும் கூப்பன், சீனிக்கும் கூப்பன். ரஜப் மாதம் எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. நான் பிழைத்தேன், என் தலைமயிர் பிழைக்கவில்லை. தலையணையிலும் சீப்பிலும் கொத்துக் கொத்தாக வந்தது. நோன்பு தொடங்கியபோது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மயிர்களே மிச்சம்.

பெருநாள் கழிந்ததும் எனக்கு நிக்காஹ் என்று பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை சாவகச்சேரியில் தையற்கடை வைத்திருந்தவர். நிக்காஹுக்கு முந்தி மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து மணப்பெண்ணின் பின்னலை அவிழ்த்துப் பார்ப்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல. எனக்குப் பின்னால் இரண்டு தங்கைகள் இருந்தார்கள். என் கலியாணம் குழம்பினால் அவர்களைக் கேட்டும் எவரும் வாசலை மிதிக்கமாட்டார்கள். காய்ச்சலோடு போயிருக்கலாம் என்று அழுதேன்.

உம்மாவின் தங்கை, என் சாச்சி, ஓடி வந்தார். கையில் இடுப்பளவு நீளத்தில் ஒரு சவுரி. எவளோ ஒருத்தியின் முடியில் கட்டிய ஒட்டுமுடி.

"இதை வைச்சுக் கொண்டை போட்டு, முன்தலையை முக்காட்டாலை மூடினால், அவிழ்த்துப் பாத்தாலும் ஆருக்கடி தெரியும்?"

"அல்லாஹ்வுக்குத் தெரியும், சாச்சி."

"அல்லாஹ்வே பொம்பிளை பாக்க வாறான்? வாறது மாப்பிள்ளையின்ரை ராத்தா!"

அந்த வாயால்தான் அவர் ஐந்து நேரமும் ஓதுகிறார்.

சவுரி கூடாதென்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். காய்ச்சலில் முடி கொட்டிய மணப்பெண்ணுக்கு ஒட்டுமுடி வைக்கலாமா என்று நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடமே கேட்டிருக்கிறார்கள். கூடாதென்றுதான் விடை வந்தது. அச்சொட்டாக என் கதை. வாப்பா அந்த ஹதீஸைத் தன் புடவைக்கடை வாசலில் வருவோர் போவோருக்கெல்லாம் விரித்துச் சொல்லக்கூடியவர். சொந்தப் பிள்ளையின் தலை என்றதும் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "சாச்சி சொல்றதைக் கேள் மகள்" என்று முணுமுணுத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். ஊருக்குத்தானே உபதேசம்.

அன்று அஸர்த் தொழுகைக்குப் பிறகு கையேந்தினேன். "யா அல்லாஹ், முடியைத் தருவதும் தராததும் உன் இஷ்டம். பொய்யைத் தலையில் கட்டிக்கொண்டு என்னை ஒரு வீட்டுக்குள் போகவிடாதே. என் தங்கைகளையும் கைவிடாதே." ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் இதே துஆதான். வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை.

முடி இருக்கிறவர் அதைக் கண்ணியமாக வைத்திருக்கட்டும் என்பது மார்க்கம் எங்களுக்குத் தந்த பாடம். எத்தனை முடி என்று அதில் கணக்கில்லை. ஆகவே வெள்ளிக்கிழமைகளில் தலைமுழுகினேன். பிஸ்மி சொல்லி, நல்லெண்ணெய் தொட்டு, வலப்பக்கத்திலிருந்து வாரினேன். உதிர்ந்ததைக் குப்பையில் எறியாமல் மாதுளையடியில் புதைத்தேன். சாச்சிக்கு அது பெரிய கூத்து.

"என்ன புள்ளை, சிரட்டைக்கோ எண்ணெய் பூசுறாய்?"

பெருநாளுக்கு அடுத்த வாரம் அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா, ராத்தா என்கிற மூத்த சகோதரி, கூட இரண்டு பெண்கள். எங்கள் உம்மா கூப்பன் சீனியை அள்ளிக் கொட்டித் தேத்தண்ணீர் கொடுத்தார். சாச்சி என்னையும் சவுரியையும் அறைக்குள் தள்ளினார். நான் சவுரியைக் கட்டிலில் போட்டேன். வெளியே வந்து அவர்களுக்கு முன்னால் இருந்து, முக்காட்டை நானே எடுத்தேன்.

ராத்தா தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். குடித்து முடித்துவிட்டுத்தான் வைத்தாள்.

"இதென்ன, மொட்டையையோ எங்கடை தம்பிக்குத் தரப் பாத்தியள்? எழும்புங்கோ உம்மா, போவம்!"

"நெருப்புக் காய்ச்சலிலை கொட்டினது. மறைச்சுக் கட்டி உங்களை ஏமாத்த எனக்கு மனம் வரேல்லை" என்றேன்.

எங்கள் உம்மா தலையில் அடித்துக்கொண்டார். சாச்சியோ எல்லாருக்கும் கேட்க, "நான் அப்பவே சொன்னனான், சவுரியை வையெண்டு!" என்றார். அவருக்கு வாய்த்த மூளை அவ்வளவுதான்.

மாப்பிள்ளையின் உம்மா எழும்பவில்லை. என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் முக்காட்டை நீக்கினார். கொண்டையில் கைவைத்து ஓர் ஊசியை இழுத்தார். கொண்டை முழுதாகக் கழன்று மடியில் விழுந்தது.

"எனக்கும் உதே காய்ச்சல்தான், கலியாணத்துக்கு முந்தி. பிறகும் சரியா வளரேல்லை. எங்கடை உம்மா கட்டிவிட்டவ. என்ரை மனுசன் மௌத்தாகிக் கண்மூடுமட்டும் அவருக்கு முன்னாலை நான் ஒருநாளும் தலை வாரினதில்லை. தொழுகைக்குத் தலை தடவி ஒழுச் செய்யேக்கையும் ஆரும் பாத்திடுவினமோ எண்டு பயம். நீ சொன்னதை என்னாலை சொல்ல ஏலாமல் போச்சு, மகள்."

ராத்தாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். பெற்ற தாயின் தலையை அறியாதவள், ஊரார் பிள்ளைகளின் பின்னலை அவிழ்த்துப் பார்க்கப் புறப்பட்டிருந்தாள்.

"சொன்ன நாளிலை நிக்காஹ்" என்றார் அந்தத் தாய்.

அல்ஹம்துலில்லாஹ், சொன்ன நாளில் நடந்தது. கலியாணச் சாப்பாட்டுக்கு வந்தவர்களிடம் வாப்பா சவுரி ஹதீஸை உரத்த குரலில் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். தன் துஆவால்தான் எல்லாம் கூடிவந்ததென்று சாச்சி இன்றும் சொல்லித் திரிகிறார். தங்கைகள் இருவருக்கும் நல்ல இடம் அமைந்தது. முடி வளர்ந்ததா என்று கேட்பீர்கள். தோள்வரை வந்து நின்றுவிட்டது. நான் கேட்டது முடியையல்ல, ஆகையால் அதில் எனக்குக் குறையில்லை.

மாமி அதற்குப் பிறகு சவுரியைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நான் அவருக்கு எண்ணெய் வைப்பேன், நரைக்கு மருதாணி பூசுவேன். யாராவது பார்த்தால் பார்க்கட்டும் என்று முற்றத்து வெயிலில் இருந்து தலை உலர்த்துவார். சென்ற வருடம் அவர் மௌத்தானபோது குளிப்பாட்டியவள் நான். மார்க்கம் சொன்னபடி அந்தக் கொஞ்ச முடியையும் மூன்றாகப் பின்னி முதுகுப்புறம் விட்டேன். அவ்வளவும் அவருடைய முடி.

சகோதரிகளே, ஒருநாள் உங்கள் தலையையும் யாரோ அவிழ்ப்பார்கள். அதற்குள் எதை மறைக்கலாம் என்று ஊராரிடம் யோசனை கேட்டு அலையாதீர்கள். ஊராரின் யோசனை எப்படிப்பட்டதென்று நான் கண்டவள். அல்லாஹ்விடம் கேளுங்கள். அவன் என்னை வெட்கப்படவிடவில்லை.