பெரியப்பாவை நாடு கடத்திய கிறிஸ்துமஸ்

எங்கள் பெரியப்பாவை அவருடைய சொந்தத் தெருவே பத்து நாள் நாடு கடத்தியது. அதில் எனக்குப் பெரிய பங்கு உண்டு. அப்போது எனக்கு ஐந்து வயது. பாதி என் நினைவு, மீதி வீட்டில் சொல்லிச் சொல்லியே என் நினைவாகிவிட்டது.

பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெருக்காரர்கள் ‘சொல்தா’, அதாவது பிரெஞ்சுச் சிப்பாய், என்றால் அது அவர்தான். வருடாவருடம் தெருமுனையில் போடும் கிறிஸ்துமஸ் குடிலுக்கு அவர்தான் தளபதி. மாடு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், வைக்கோல் எத்தனை விரற்கடை இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வர வேண்டும். மில் மூடியபிறகு வாட்ச்மேன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எதிர்வீட்டு மாமா வருடக்கணக்காக மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றவர். அதை எங்கே நடலாம் என்று அவரை ஒருவரும் கேட்டதில்லை.

அந்த வருடம் பெரியப்பா பழைய கிரேக்கர்களைப் பற்றி ஒரு தடித்த பிரெஞ்சுப் புத்தகத்தைப் படித்துத் தொலைத்தார். டிசம்பர் பிறந்ததும் தெருவைக் கூட்டினார்.

“இந்த வருசம் குடிலு ஏதென்ஸ் முறையில நடக்கும். எல்லாரும் பேசலாம், எல்லாரும் சேந்து முடிவு பண்ணலாம்.”

ஜனநாயகம் வேண்டுமா என்று யாரையும் கேட்கவில்லை. உத்தரவாகவே போட்டுவிட்டார்.

கிரேக்கர்கள் பதவிகளைச் சீட்டுக் குலுக்கித்தான் கொடுத்தார்களாம். சாமி காரியத்தில் குலுக்கலா என்று தையல்கார அத்தை முகம் சுளித்தார். யூதாசின் இடத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது திருத்தூதர்களே சீட்டுதான் போட்டார்கள் என்று பெரியப்பா சொன்னதும் அவர் அடங்கிவிட்டார். ஏதென்ஸில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வாக்கு கிடையாது என்பதையும் பெரியப்பாவே மறைக்காமல் சொன்னார்.

“அங்கதான் அவங்க கோட்ட விட்டாங்க. ஆண்டவர் பொறந்த சேதி மொதல்ல யாருக்குப் போச்சு? ஆடு மேய்க்கிறவங்களுக்கு. அதனால நம்ம தெருவுல பச்சப் புள்ளைக்கும் வாக்கு உண்டு.”

பச்சைப் பிள்ளை என்றால் அது நான்தான். சும்மா இருந்த மனிதர் தன் தலையில் தானே கைவைத்துக்கொண்டார்.

குலுக்கலில் எலக்ட்ரீஷியன் அண்ணனுக்குக் குடிலுக்குப் புல் வளர்க்கிற வேலை விழுந்தது. தையல்கார அத்தைக்குச் சீரியல் விளக்கு. பெரியம்மாவுக்குத் தலைமைப் பதவியும் கையில் ஒரு மணியும். பெரியப்பாவுக்குத் தண்ணீர் சுமக்கிற வேலை. இரண்டு நாள் ஒழுங்காகச் சுமந்தார். மூன்றாம் நாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

எனக்கு அப்போது ஒரே ஒரு ஆசை இருந்தது. களிமண்ணில் நானே ஒரு டெம்போ செய்திருந்தேன், நம் ஊரில் ஆட்களை அடைத்துக்கொண்டு ஓடுகிற அதே மூன்று சக்கர டெம்போ. மூன்று ராஜாக்களும் அதில்தான் வர வேண்டும். ஒட்டகம் செய்துபார்த்தேன், கால் நிற்கவில்லை. தெரு கூடிய சபையில் டெம்போவை இரண்டு கையிலும் ஏந்தி வைத்தேன். பெத்லகேமில் ஏது டெம்போ என்று தொடங்கிய பெரியப்பா, ஒட்டகத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். பெரியம்மா மணியடித்தார். பெரியப்பா பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தார். பெரியம்மா இன்னும் பலமாக அடித்தார். கடைசியில் அன்றைக்கு எந்த முடிவும் எடுக்காமல் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் டெம்போவைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

இன்னொரு நாள், பேச்சு வாக்கில், கிரேக்கர்களின் சில்லு வழக்கத்தையும் அவரே எடுத்துவிட்டார். ஊரில் ஒருவர் கை ரொம்ப ஓங்கிவிட்டால், உடைந்த பானைச் சில்லில் அவர் பெயரை எழுதிப் போடுவார்களாம். போதுமான சில்லு சேர்ந்தால் அவர் பத்து வருடம் ஊரைவிட்டுப் போக வேண்டும். அது தண்டனை இல்லை. வீடு வாசல் அப்படியே இருக்கும், திரும்பி வரும்போது மரியாதையும் அப்படியே இருக்கும்.

எதிர்வீட்டு மாமா தொண்டையைச் செருமினார். சபையில் அவர் வாய் திறந்தது அன்றுதான். “அதையும் செஞ்சு பாக்கலாமே சொல்தா. பத்து வருசம் வாணாம், பத்து நாள் போதும்.”

தெருவே கைதட்டியது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவர் பெரியப்பா. யாருக்காக இந்த ஏற்பாடு என்று அந்த மனிதருக்கு உறைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வாக்கெடுப்பு. உடைந்த பூந்தொட்டிகளைத் தட்டி ஆளுக்கொரு சில்லு, கூடவே ஒரு கரித்துண்டு. மொத்தம் இருபத்தோரு பேர். ஒரே பெயரில் பதினொரு சில்லு விழுந்தால் அவர் வெளியே.

எனக்கு ‘அ’னா, ‘ஆ’வன்னாவுக்கு மேல் தெரியாது. அம்மா தூரத்தில் இருந்தாள். பக்கத்தில் இருந்தவர், கையெழுத்து அழகாக உள்ளவர், பெரியப்பாதான். சில்லை நீட்டினேன்.

“பெரிப்பா, எனக்கு எழுதிக் குடுங்க.”

“யாரு பேரும்மா?”

“உங்க பேரு.”

கரித்துண்டு அப்படியே நின்றது. “நான் உனக்கு என்னாம்மா கெடுதல் பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணல. நீங்களே பேசிக்கினு இருக்கீங்க. என் டெம்போ வெளியிலயே நிக்குது.”

அவர் என்னைப் பார்த்தார், டெம்போவைப் பார்த்தார். பிறகு பெரிய பெரிய எழுத்தாக எழுதி, கரி கலையாமல் ஊதிக் கையில் கொடுத்தார். நான் ஓடிப்போய்க் கூடையில் போட்டேன்.

எண்ணியது பெரியம்மா. ஒரே வளைவான கையெழுத்தில் இரண்டு சில்லு கிடைத்ததும் நிறுத்திவிட்டார். ஒன்றில் பெரியப்பாவின் பெயர். இன்னொன்றில், மணியடித்த குற்றத்துக்காக, பெரியம்மாவின் பெயர். புருஷனை ஏற இறங்கப் பார்த்தார். அவர் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பெரியப்பாவின் பெயரில் விழுந்தவை சரியாகப் பதினொன்று.

அவர் சல்யூட் அடித்துவிட்டு, ஒரு பையோடு பிள்ளைச்சாவடியில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போனார். பத்து நாளும் தெருப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

குடில் கோணல்மாணலாக வளர்ந்தது. எதிர்வீட்டு மாமா அட்டையில் ஒரு மில் புகைபோக்கி செய்து மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் நிறுத்தினார். விளக்குகள் நினைத்தபோது எரிந்தன. நட்சத்திரம் ஒரு பக்கம் சாய்ந்தே தொங்கியது. வைக்கோலுக்கு முன்னால் என் டெம்போ, உள்ளே நெருக்கியடித்து மூன்று ராஜாக்கள். அதைவிட அழகான குடிலை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மாலை பெரியப்பா கோட்டும் பதக்கமுமாகத் திரும்பி வந்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். நட்சத்திரத்தை நேராக்க அனுமதி வேண்டுமாம். சபை வாக்கெடுத்தது. கோணலாகவே இருக்கட்டும் என்று தீர்ப்பானது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பெரியப்பாவையே தோற்கடித்தேன் என்று பொங்கல்வரை பீற்றிக்கொண்டு திரிந்தேன். அவர் மறுக்கவே இல்லை. வருகிறவர்களிடம் அவரே என்னைக் காட்டி, “இவதான் என்னைத் தொரத்துனது” என்பார்.

அவர் எனக்கு எழுதிக் கொடுத்த அந்தச் சில்லு இன்றும் அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில், பதக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெரியம்மா வைத்தது. உடைந்த பூந்தொட்டியை யாராவது பத்திரப்படுத்துவார்களா என்று அன்று கேட்டேன். ஒரு சில்லு குறைந்திருந்தால் அவர் போயிருக்கவே வேண்டாம் என்பதும், எனக்குத்தான் படிக்கத் தெரியாதே, அதில் அவர் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம் என்பதும் எனக்கு அப்போது தெரியவில்லை.