வள்ளியக்கா சொன்னதும் நான் சொன்னதும்

ஃபீல்ட் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எழுதும்போதே முகம் சுடுகிறது.

நான் பத்தாம் வகுப்புவரைதான் படித்தவன். எங்கள் பங்குச் சாமியார் கற்றுத்தந்த ஆங்கிலத்தால் ஓர்ஸ் ஹில்லில் ஓர் ஆராய்ச்சி அலுவலகத்தில் மொழிபெயர்க்கும் வேலை கிடைத்தது. ஆதிக்குடிகளின் உரிமை பற்றிய ஆய்வு. முதல் நாள் இலங்கைத்துறைப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்துக்குப் போனோம். கொழும்பிலிருந்து வந்த ஆராய்ச்சி மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. "அவர்கள் சொல்வதை அப்படியே சொல்லுங்கள்" என்று வரும் வழியில் வான் வண்டியில் வைத்தே சொல்லியிருந்தார்.

கேள்வித்தாளின் முதல் கேள்வி: உங்களை நீங்கள் யார் என்று சொல்வீர்கள்?

முதல் வீட்டு முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த வள்ளியக்கா நிமிர்ந்தார். "நாங்க வேடர். வடிவா எழுதுங்கோ தம்பி. அந்தா தெரியிற காட்டு மரத்தடியிலதான் எங்கட செத்த ஆக்களுக்குப் பொங்கிப் படைக்கிறம்."

எங்கள் வீட்டில் அந்தச் சொல் ஏச்சாக மட்டும்தான் வரும். நல்ல மனுசியை வெளி ஆள் முன்னால் கேவலப்படுத்தக் கூடாது என்று நினைத்தேன். செபமாலை தவறாமல் சொல்கிறவன் நான். செத்தவர்களுக்குப் படைக்கிற கதையும் மனதுக்கு ஒப்பவில்லை. "ஏழை மீனவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மற்ற வீடுகளிலும் அப்படித்தான். உபகாரம் செய்ததாகவே நினைத்தேன்.

அடுத்த வருடம் அந்தக் காட்டுக்குக் கம்பி வேலி போடுவது பற்றிக் கூட்டம் நடந்தது. கொழும்பிலிருந்து வந்தவர்களுக்கு மொழிபெயர்க்க நானும் போயிருந்தேன். வேலி போட வந்த வன இலாகா அதிகாரி எங்கள் அறிக்கையை விரித்தார். "உங்களில ஒருத்தரும் வேடர் எண்டு சொல்லேல்லையே. பிறகென்ன பரம்பரைக் காடு?"

"சொன்னனான் ஐயா," என்றார் வள்ளியக்கா. "இந்தத் தம்பியிட்டத்தான் சொன்னனான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. வேலி போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "என்னட்டச் சொன்னாப் போதாது. அந்த மனுசியிட்டப் போய்ச் சொல்லும்," என்றார் சாமியார்.

போனேன். தலை குனிந்தபடி சொல்லி முடித்தேன்.

"வேடர் எண்டு சொல்ல எங்களுக்கு வெக்கமில்லை தம்பி," என்றார் வள்ளியக்கா. "எங்களுக்காக நீங்க ஏன் வெக்கப்பட்டனீங்க?"

ஒரு கதிரையை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"சரி, கதிரையில இருங்கோ. நான் சொல்லச் சொல்ல மிஸ்ஸுக்குக் கடிதம் எழுதுங்கோ. இந்த முறை என்ர வாயால வாறது மட்டும்."

எழுதினேன். மிஸ் அறிக்கையைத் திருத்தினார். பிள்ளைகளே, ஒருவர் தன்னைச் சொல்லும் சொல் உங்கள் காதுக்குக் கூசினால், அதையே முதலில் எழுதிவிடுங்கள்.

வேலி இன்னும் நிற்கிறது. வள்ளியக்காவின் ஆட்கள் கம்பிக்கு வெளியே நின்று பொங்குகிறார்கள்.