மூச்சு மிஷின் போட்ட கணக்கு

பீங்கான் கம்பெனிச் சூளை வாசலில் அன்று மெட்ராஸ் டாக்டர் இருந்தார். சூப்பர்வைசர் இருந்தார். என் அக்கா புருஷன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், இருந்தார். சூளைக்குள் ஏணி மேல் நான் இருந்தேன்.

மாமாவுக்கு அப்போதே இளைப்பு. கோப்பைகள் வைத்த சுடுமண் பெட்டியைத் தூக்கி என்னிடம் ஏற்றுவார். நான் அடுக்குவேன். கேட்டில் வாட்ச்மேன் வேலை கேட்டிருந்தார். சூளை வேலை கடினம் என்று டாக்டர் எழுதினால் மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அதற்குத்தான் அந்த மிஷின். மாமாவின் முதுகில் கட்டிவிட்டார்கள். மூக்கில் கிளிப். வாயில் ரப்பர், அதிலிருந்து குழாய். விடுகிற மூச்சை அது அளக்கும். வேலை கடினமானால் மூச்சு கூடும் என்பது கணக்கு. முதலில் மாமாவை உட்கார வைத்து, பெரிய ரப்பர் பையிலும் மூச்சைப் பிடித்து ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒன்றாகவே வந்தன. டாக்டருக்குத் திருப்தி.

“தும்பிக்கை பொருத்தமாத்தான் இருக்குது மாமா. கொழுக்கட்டை கொண்டாரவா?” என்றேன். வாய் அடைத்திருந்ததால் கையை ஓங்கினார்.

வேலை தொடங்கியது. சூளைக்குள் இருட்டு, புழுதி. பெட்டியைத் தூக்குகிறவர் குரல் கொடுத்தால்தான் மேலே இருப்பவன் கையை நீட்டுவான். குரல் இல்லாமல் பெட்டி வந்தால் மண்டை உடையும். மாமா ஒவ்வொரு தடவையும் ரப்பரை நாக்கால் ஓரம் தள்ளி, “ஏந்துடா” என்றார். தூக்கும்போது அடக்கிய மூச்சு அத்தனையும் அந்தக் குரலோடு வெளியே போனது. மிஷினுக்குள் போகவில்லை.

வெளியே நின்ற டாக்டர் மிஷினைக் கழற்றிப் பார்த்தார். “டீ குடிச்சிட்டு சும்மா உக்காந்திருக்கிற ஆளு மூச்சுதான் காட்டுது. லேசான வேலைதான்.”

நான் இறங்கி வந்தேன். “சார், நடுவுல நடுவுல வாயத் தொறந்து கத்துனாருங்க. மூச்சு வெளியில போயிட்டுதுங்க. இன்னொரு தடவ பாருங்க.”

டாக்டர் சூப்பர்வைசரைப் பார்த்தார்.

“மிஷினே சொல்லிட்டுது. நீ என்னடா அதுக்கு மேல? ஏணியில ஏறு,” என்றார் சூப்பர்வைசர்.

டாக்டர் குழாயைச் சுருட்டினார். அவருக்குப் புரிந்திருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

வீட்டில் மாமா அக்காவிடம் சொன்னார். “மிஷின் பொய்யா சொல்லும்? எனக்குத்தான் ஒடம்பு வளைய மாட்டேங்குது போல.”

“அந்த மிஷின ராத்திரி உங்க பக்கத்துல படுக்கச் சொல்லுங்க. அப்பத் தெரியும்,” என்றாள் அக்கா.

என் பேரன் இப்போது கையில் வாட்ச் மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு ஓடுகிறான். மூச்சுக் கணக்கு சொல்லுமாம். சரியாகச் சொல்லுமா என்று கேட்டேன். சிரித்தான்.

மாமாவுக்கு வாட்ச்மேன் வேலை கிடைக்கவில்லை. கடைசிவரை பெட்டி ஏற்றினார். சாகும்போது வயது நாற்பத்தொன்று.