வெளுத்துப் போன நீலம்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் சாயக் கழிவுநீரைச் சோதித்தே வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். ஓய்வு பெற்றுத் திருவள்ளூரில் வீடு கட்டினால், மாடிக்குக் குடிவந்த பெண்ணுக்கும் அதே ஆராய்ச்சி. கைக்குட்டை அளவு பருத்தித் துணியில் கண்ணுக்குத் தெரியாத டைட்டானியம் டையாக்சைடு துகள்களைப் பூசி, சாயநீரில் போட்டு வெயிலில் வைப்பாள். சாயம் சிதைந்து தண்ணீர் தெளிந்துவிடும். துணியை அலசி மறுபடி போடலாம். எத்தனை தடவை போடலாம் என்பதில்தான் அவளுடைய முனைவர் பட்டமே தொங்கிக்கொண்டிருந்தது.

மொட்டைமாடிக் கொடியில் காயும் துணிகளைக் காலையும் மாலையும் எண்ணாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அன்று என் கைக்குட்டைகள் ஏழும் இருந்தன. ஆறு தடவை பயன்படுத்திய அவளுடைய துணியைக் காணோம்.

"அது போச்சுன்னா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும் அங்கிள்!" என்று அவள் கொடியை மறுபடி துழாவினாள்.

தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் குனிந்து தேடும்போது, எதிர்க் கடையில் என் மனைவியின் குரல் கேட்டது.

"இன்னா அண்ணாச்சி, சொட்டு நீலம்னு பச்சத்தண்ணிய அடைச்சி விக்கிறியா? பேசின்ல கலந்து, ஒரே ஒரு கர்சீப்ப போட்டுட்டு சீரியல் பாக்கப் போனேன். வந்து பாத்தா, வெயில்ல தண்ணி கண்ணாடியாட்டம் கீது!"

"தெருவே இதத்தாம்மா வாங்கிக்கினு போவுது. உங்க ஊட்ல மட்டும் இன்னா மாயம்?"

எனக்குப் புரிந்துவிட்டது. உடனே சண்டையை நிறுத்தியிருக்கலாம். ஆனால் நாற்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவள் தப்பான கட்சியில் நின்று சண்டை போட்டதை நான் பார்த்தது மூன்றே முறை. கடைசிவரை கேட்டேன்.

திரும்பி வந்தவளிடம் அந்தப் பெண் கேட்டாள்: "ஆன்ட்டி, சோப்பு போட்டீங்களா?"

"போடாம? அழுக்கா இருந்திச்சி. கல்லுல நாலு அடி அடிச்சிட்டுதான் நீலத்துல போட்டேன்."

பூச்சு போயிருக்குமோ என்று அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. "அடி வாங்கின பிறகுதானே நீலத்தைத் தின்றிருக்கிறது?" என்றேன். அவளுக்கு நம்பிக்கையில்லை, அளந்து கலந்த சாயத்தில்தான் பார்க்க வேண்டுமாம். மறுநாள் ஒன்பது தடவை மாடியேறிப் பார்த்தேன். மூன்று மணிக்குச் சாயநீர் தெளிந்தது.

அவள் குதித்துக்கொண்டு கீழே ஓடினாள். "ஆன்ட்டி, இன்னும் ரெண்டு தடவை அதே மாதிரி அடிச்சித் தர்றீங்களா? துவைச்சாலும் தாங்குதுன்னு எழுதிடலாம்."

"அடிக்கிறேன். மொதல்ல அண்ணாச்சிகிட்ட யாராச்சும் போயி, உன் துணிதான் குத்தவாளின்னு சொல்லுங்க. நான் அந்தப் பக்கமே போவ மாட்டேன்."

போனவன் நான். நுண்துகள்களின் வேலையைப் பத்து நிமிடம் விளக்கினேன். கடைக்காரர் துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டே சொன்னார்: "அம்மா வராம நீ வந்துக்கிறியே சார், அதுவே போதும்."